தலைகீழாய் நின்ற குளக்கட்டு

தமிழிற் பொறியியல் பேச இயலாது என்று கூறுவோர் பலர் உளர். அவர்களோடு வாதிட்டு அலுத்தோர் அதனினும் பலர். இவ்வாதம் பெரும்பாலும் பொதுப்படையாகவே நடந்து முடிகின்றது. ஒருசாரார் மொழியின் தொன்மையை எடுத்துரைப்பர். மறுசாரார் உலகச் சந்தையையும் வேலைவாய்ப்பையும் காட்டுவர். பொறியியலுக்குள் இருக்கும் ஒரு பொருளைக் கையிலெடுத்து, இதைத் தமிழிற் சிந்திக்க முடியுமா முடியாதா என்று பார்ப்பவரைக் காண்பது அரிது. ஆதலின் இக்கட்டுரை ஒரேயொரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கின்றது. கணனிவழி வடிவமைப்பில் ஒரு வளையியை இன்னொரு வளையியின் வழியே நகர்த்திப் பரப்பொன்றை ஆக்கும் முறை பற்றியது அது. சிறு பொருள்தான். ஆனால் நம் மாணவர் எதனை இழந்துகொண்டிருக்கின்றனர் என்பதை இச்சிறு பொருளே தெளிவாகக் காட்டிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்முறை வகுப்பில் நான் கண்டதை முதலிற் சொல்லவேண்டும். மண்ணாலான அணை ஒன்றின் வடிவத்தைக் கணனியில் ஆக்குமாறு மாணவர்க்குப் பணிக்கப்பட்டிருந்தது. குறிப்பேட்டிலே ஒரு வாய்பாடு தரப்பட்டிருந்தது. அதனைக்கொண்டு மாணவர் தாமே ஒரு சிறு நிரல் எழுதவேண்டும். எங்கள் கரையோரப் பகுதியிலிருந்து வந்த மாணவன் ஒருவன், க.பொ.த உயர்தரம்வரை தமிழிலேயே கணிதம் கற்றவன், தன் ஊர்க் குளக்கட்டைப்போல ஒன்றை வரைய முற்பட்டான். நேரான துண்டு வந்தவிடத்து நிரல் பூச்சியத்தால் வகுக்கப் புகுந்து நின்றுவிட்டது. அத்துண்டை நீக்கிவிட்டு, ஒருபுறம் வளைந்து பின் மறுபுறம் வளையும் பாதையை மட்டும் கொடுத்தான். முதல் வளைவில் கட்டு ஒழுங்காக அமைந்தது. இரண்டாம் வளைவு தொடங்கிய இடத்தில் அது தலைகீழாய்ப் புரண்டது. மக்கள் நடந்துசெல்லும் கட்டின் உச்சி கீழே நிற்க, அகன்ற அடிப்புறம் வானத்தை நோக்கி விரிந்திருந்தது.

"ஏன் இப்படிப் புரண்டது, சேர்?" என்று அவன் கேட்டான். "அதை விடும். மென்பொருளிலே கட்டளை இருக்கிறது, அதிற் போடும், சரியாக வரும்" என்பதே கிடைத்த விடை. அவன் அவ்வாறே போட்டான். சரியாகவே வந்தது. புள்ளியும் கிடைத்தது. அதன்பின் அந்தக் கேள்வியை அவன் எவரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

எனது குற்றச்சாட்டு அந்த விடையின்மீதுதான். விடையளித்தவர்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கும் அவருடைய ஆசிரியர் அவ்வாறுதான் சொல்லியிருப்பார். ஆயினும், கேள்விக்கு வேண்டிய விடை முழுவதும் அம்மாணவனுடைய தலைக்குள்ளேயே தமிழில் இருந்தது என்பதையும், அதை வெளியே எடுக்க அங்கே ஒருவரும் முயலவில்லை என்பதையும் எவ்வாறு மறப்பது?

பொருளை விளக்குகின்றேன். இடியப்ப உரலிற் கண்ணின் வடிவம் மாறுவதில்லை. மா அக்கண்ணின் வடிவத்தைத் தாங்கி நேரே இறங்குகின்றது. முறுக்குப் பிழிபவர் உரலைச் சுற்றிச் சுற்றி நகர்த்துகின்றார். அப்பொழுது அதே கண்ணின் வடிவம் ஒரு சுருளின் வழியே செல்கின்றது. வீட்டு முகப்பிலே சுண்ணச்சாந்தினால் அலங்கார விளிம்பு எடுக்கும் மேசன், தகரத்தில் ஒரு வடிவத்தை வெட்டி, அதனை ஒரு சட்டத்தின் வழியே இழுத்துச் செல்கின்றார். தகரத்தின் வடிவம் சாந்திலே நீளமாகப் பதிந்துவிடுகின்றது. இவை யாவும் ஒரே செயல். நகரும் வடிவத்தைக் குறுக்குவெட்டு என்போம். அது நகரும் பாதையைச் செல்வழி என்போம். இவ்விரண்டாலும் பிறக்கும் பரப்பை இழுபரப்பு என்று நான் சொல்லத் துணிகின்றேன். ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியை மட்டும் புரட்டியவர் துடைப்பத்தை நினைத்துப் 'பெருக்கற் பரப்பு' என்று எழுதக்கூடும். அவர் கணிதத்திலே பெருக்கல் என்றால் வேறொன்று என்பதை மறந்தவராவார். சொல்லாக்கத்தில் நமக்கு நேரும் கேடு பெரும்பாலும் இவ்வகையினதே. பொருளைப் பாராமற் சொல்லைப் பார்த்து மொழிபெயர்க்கின்றோம். பின் தமிழ் இடங்கொடுக்கவில்லை என்று மொழியின்மேற் பழி போடுகின்றோம்.

குளக்கட்டு இழுபரப்பிற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. நான் பிறந்த இறக்காமம் ஒரு குளத்தூர். கரையோரத்து முஸ்லிம் ஊர்களாகிய நிந்தவூரும் சாய்ந்தமருதும் கல்முனையும் கடலைப் பார்த்து நிற்க, நாங்கள் வயலையும் குளத்தையும் பார்த்து வளர்ந்தோம். குளக்கட்டின்மேல் நடந்து செல்லும் சிறுவனுக்கு அதன் வடிவம் காலாலேயே தெரிந்துவிடும். நீர்ப்பக்கச் சாய்வு மெல்லச் சரியும். அதில் அலைக்குக் கல் பதித்திருக்கும். வயற்பக்கச் சாய்வு சற்றுச் செங்குத்தாக இறங்கும். இருபுறமும் ஒன்றல்ல. இவ்வொரு செய்தியை மனத்திற் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றேன். பின்வரும் முழு வாதமும் இதன்மேலேயே நிற்கின்றது.

குறுக்குவெட்டும் செல்வழியும் இருந்தாற் பரப்பு உண்டாகிவிடும் என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் எண்ணுவர். மென்பொருளும் அவ்வாறே நடிக்கின்றது: ஒரு வளையியைத் தொடு, மற்றதைத் தொடு, முடிந்தது. உண்மையில் மூன்றாவது ஒன்று மறைந்து நிற்கின்றது. செல்வழியின் ஒவ்வொரு புள்ளியிலும் குறுக்குவெட்டை எந்த நிலையிற் பிடித்திருப்பது? செல்வழிக்குச் செங்குத்தான தளத்திற் பிடிப்பது என்று கொண்டாலும், அத்தளத்திற்குள்ளேயே அதனை எப்படி வேண்டுமானாலும் சுழற்றலாம் அன்றோ? மேசனுடைய தகரம் அவருடைய கையில் இருப்பதால் இக்கேள்வி அங்கே எழுவதில்லை. சட்டம் கையை நேராக வைத்திருக்கின்றது. கணனிக்குக் கையில்லை. அதற்கு ஒரு விதி வேண்டும்.

குறிப்பேட்டிலிருந்த விதி பிரெனே என்னும் பிரெஞ்சுக் கணிதவறிஞர் 1847இலும் செரே என்பவர் 1851இலும் தந்த வாய்பாடுகளிலிருந்து வந்தது. வளையியின் ஒரு புள்ளியில் தொடலியை எடு. அடுத்து, வளையி எப்பக்கம் வளைகின்றதோ அப்பக்கமாகச் செவ்வனை எடு. இவ்விரண்டிற்கும் செங்குத்தாக மூன்றாவது காவியை எடு. மூன்றும் சேர்ந்து வளையியோடு நகரும் ஒரு சட்டகமாகும். அழகிய விதிதான்; நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்பது. ஆனாற் செவ்வன் எப்போதும் வளைவின் மையத்தையே நோக்கும். பாதை இடப்புறம் வளையும்போது அது இடப்புறம் நோக்கும்; வலப்புறம் வளையத் தொடங்கியதும் சட்டென்று வலப்புறம் திரும்பும். தொடலி மாறாதிருக்கச் செவ்வன் எதிர்த்திசைக்குத் திரும்பினால், மூன்றாவது காவியும் எதிர்த்திசைக்குத் திரும்பித்தான் ஆகவேண்டும். மேல் கீழாகும், இடம் வலமாகும். நேரான துண்டிலோ வளைவே இல்லை, ஆதலின் செவ்வனும் இல்லை. நிரல் பூச்சியத்தால் வகுத்தது அதனாலேயே.

அம்மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவே. தொடலி, செவ்வன், வளைவாரை, காவி: இச்சொற்களுள் எதனையும் நான் புதிதாக ஆக்கவில்லை. அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 1960களிலும் சொற்றொகுதிகளை வெளியிட்ட காலந்தொட்டு ஈழத்துப் பாடசாலைகளில் வழங்கிவரும் சொற்கள் இவை. பதினெட்டு வயதில் இணைந்தகணிதம் எழுதிய ஒவ்வொரு தமிழ்மொழி மாணவனும் இவற்றைக்கொண்டு நூற்றுக்கணக்கான கணக்குகள் செய்தவன். பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்த அன்றே அவனிடமிருந்து இவை பறிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் அதே பொருள் வேறு பெயரோடு வருகின்றது. அவை இரண்டும் ஒன்றே என்று சொல்ல எவருமில்லை. ஓராண்டு கழியும்வரை அவன் தனக்குத் தெரிந்ததையே தெரியாதவனாக இருக்கின்றான். சிலர் நான்காண்டுகளும் அவ்வாறே இருந்து பட்டமும் பெற்றுச் செல்கின்றனர்.

பொறியியல் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுவதை நான் எதிர்க்கவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். இல்லையேல் என்னை வேறொரு கட்சியிற் சேர்த்துவிடுவர். உலக நூல்களைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். நான் எதிர்ப்பது, முன்னர்க் கற்றதை வீசிவிட்டு வெறுங்கையோடு உள்ளே வா என்று சொல்லும் வழக்கத்தையே.

"இன்றைய மென்பொருள்கள் இக்குறையை எப்போதோ நீக்கிவிட்டனவே, பின்னர் ஏன் இந்தப் பழங்கணக்கு?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் கூற்றிற் பாதி உண்மை. வளையியோடு செல்லும் சட்டகம் பிரெனேயினுடையது ஒன்றுதான் என்பதில்லை எனப் பிஷப் என்பவர் 1975இற் காட்டினார். தொடலியைச் சுற்றித் தேவைக்கு மேல் ஒரு பாகைகூடச் சுழலாமல் நகரும் சட்டகத்தை அமைக்கலாம். அதனை இழுபரப்பிற்குப் பயன்படுத்துவது பற்றிக் குளொக் 1986இல் எழுதினார். இரண்டு தெறிப்புகளை அடுத்தடுத்துச் செய்து அதனை எளிதாகவும் நுட்பமாகவும் கணிக்கும் முறையை வாங், யூட்லர் முதலியோர் 2008இல் வெளியிட்டனர். எதிர்வளைவிற் புரளாத சட்டகம் இது. தண்ணீர்க்குழாய், மின்வடம், கைப்பிடிக் கம்பி ஆகியவற்றுக்கு இதனினும் சிறந்தது வேண்டியதில்லை.

குளக்கட்டிற்கு இது போதுமா? கட்டின் உச்சி ஒரே மட்டத்திற் செல்லும்வரை போதும். வயலிலிருந்து கட்டின்மேல் ஏறும் வண்டிப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறிக்கொண்டே திரும்புகின்றது. குறைந்த அளவே சுழலும் சட்டகம் அங்கே செங்குத்தைப் பேணுவதில்லை. சிறிது சிறிதாக ஒருபுறம் சரிந்து, மேலே போய்ச் சேரும்போது பாதை பக்கவாட்டிற் சாய்ந்து நிற்கும். அதிற் செல்லும் உழவு இயந்திரம் என்னாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வேண்டிய விதி வேறு: குறுக்குவெட்டின் நிலைக்கோடு எப்போதும் தூக்குநூலின் திசையிலேயே இருத்தல் வேண்டும். ரைனோ என்னும் மென்பொருளில் இதற்கெனத் தனித் தெரிவு ஒன்று உண்டு. தெருவைப்போல என்பதே அதன் பெயரின் பொருள். ஆக, மென்பொருள் ஒன்றையும் தீர்த்துவிடவில்லை. தெரிவுகளைப் பட்டியலிட்டு வைத்துவிட்டு, முதலாவதைத் தானே தெரிந்துகொண்டு, பேசாமல் இருக்கின்றது. தெரிவு செய்ய வேண்டியவர் பொறியியலாளர். தெரிவு ஒன்று இருப்பதே தெரியாதவர் எதனைத் தெரிவார்?

"படம் புரண்டால் கண்ணுக்குத் தெரியாதா? கணிதம் எதற்கு?" என்று இன்னொரு வாதம். இதற்கு விடையாக ஒரு சிறு கணக்கைச் செய்து காட்டுகின்றேன். அதனைத் தாளிலே செய்து பார்க்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கின்றேன்.

கட்டின் உயரம் 6 மீற்றர், உச்சியின் அகலம் 3 மீற்றர் என்க. நீர்ப்பக்கம் ஒரு மீற்றர் இறங்க 3 மீற்றர் விலகும். வயற்பக்கம் ஒரு மீற்றர் இறங்க 2 மீற்றர் விலகும். அடியின் அகலம் 33 மீற்றர். குறுக்குவெட்டின் பரப்பளவு 108 சதுர மீற்றர். நடுவில் ஒரு செவ்வகம், இருபுறமும் இரண்டு முக்கோணங்கள் எனப் பிரித்துக் கணித்தால், பரப்பின் மையம் உச்சியின் நடுக்கோட்டில் விழாமல் நீர்ப்பக்கமாக ஏறத்தாழ 1.92 மீற்றர் தள்ளி விழுவது தெரியும். இருபுறமும் ஒன்றல்ல என்றேனே, அதன் விளைவு இது.

தளவுரு ஒன்று நகர்ந்து உண்டாக்கும் கனவளவு, அதன் பரப்பளவை அதன் மையம் சென்ற தூரத்தாற் பெருக்க வருவதாகும். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பப்பசு கண்ட தேற்றம் இது. பதினேழாம் நூற்றாண்டிற் குல்டின் மீண்டும் எடுத்துரைத்தார். நம் கட்டு வயற்பக்கத்தை உள்ளே வைத்து ஒரு செங்கோணம் திரும்புமாயின், மையம் செல்லும் வழி உச்சிக்கோட்டினும் நீளும். அதனால் வரும் மேலதிகக் கனவளவு 325 கனமீற்றர். வளைவின் ஆரை எதுவாயினும் இத்தொகை மாறாது என்பது இக்கணக்கின் இனிமை. அடுத்த வளைவு எதிர்ப்புறமாக ஒரு செங்கோணம் திரும்பினால் அதே 325 கனமீற்றர் குறையும். இரண்டும் கழிந்து, பரப்பளவை உச்சிக்கோட்டின் நீளத்தாற் பெருக்கிய தொகையே மிஞ்சும்.

பிரெனேயின் சட்டகத்தில் என்ன நிகழும்? செவ்வன் எப்போதும் மையத்தையே நோக்குவதால், இரண்டாம் வளைவிலும் வயற்பக்கமே உள்ளே நிற்கும். குறைய வேண்டிய 325, கூடிவிடும். மொத்தப் பிழை 650 கனமீற்றர். எங்கள் பகுதியில் மண்ணுக்கு வழங்கும் கணக்கிற் சொன்னால், 100 கனவடி ஒரு கியூப் ஆதலின், ஏறத்தாழ 230 கியூப் மண். நீண்ட கட்டு ஒன்றின் மொத்தத்திலே இது சிறு விழுக்காடாகவே இருக்கும். ஆகவே கணனி தரும் அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு ஐயம் எழாது. கண்ணுக்குத் தலைகீழாய்த் தெரிவது எண்ணிற் கிட்டத்தட்டச் சரியாகத் தெரியும். படத்தைப் பாராமல் அட்டவணையில் ஒப்பமிடும் வழக்கம் நாட்டில் இல்லை என்று எவரேனும் உறுதி கூறுவரோ?

இன்னொன்றையும் பாருங்கள். வயற்பக்க அடிவாரம் நடுக்கோட்டிலிருந்து 13.5 மீற்றர் தள்ளி நிற்கின்றது. அப்பக்கமாக வளையும் வளைவின் ஆரை 13.5 மீற்றரிலும் குறையுமானால் இழுபரப்பு தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும். ஒரே மண் இருமுறை எண்ணப்படும். நீர்ப்பக்கமாக வளையுமிடத்து இவ்வெல்லை 19.5 மீற்றர். அம்மாதிரி வேளைகளிற் சில மென்பொருள்கள் செய்யமாட்டேன் என்று மறுத்துவிடுகின்றன. மறுப்பிற்குக் காரணம் சொல்வதில்லை. மாணவரோ காரணம் அறியாது வளையியை அங்குமிங்கும் இழுத்துப் பார்த்து, ஏதோவொரு வேளையில் அது ஏற்றுக்கொண்டதும் நிம்மதி அடைகின்றனர். வளைவாரை என்னும் ஒரு சொல்லை நினைவுகூர்ந்தால் அரை நிமிடத்திற் காரணம் தெரிந்துவிடும்.

மெய்யான குளக்கட்டு இதனினும் சிக்கலானது. உச்சி ஒரே மட்டம்; நிலமோ மேடும் பள்ளமும். பழைய ஆற்றுப்படுகையைக் கடக்குமிடத்திற் கட்டு உயர்ந்து அகன்று நிற்கும். இரு முனைகளிலும் நிலத்தோடு கலந்து மறையும். அங்கே ஒரு செல்வழி போதாது. நீர்ப்பக்க அடிவாரக்கோடு ஒன்றும் வயற்பக்க அடிவாரக்கோடு ஒன்றுமாக இரண்டு தண்டவாளங்களில் குறுக்குவெட்டு விரிந்தும் சுருங்கியும் செல்லவேண்டும். படகின் உடலும் இத்தகையதே. ஏராவும் மேல்விளிம்பும் இரு தண்டவாளங்கள். இடையிலே நிற்கும் வங்குகள் குறுக்குவெட்டுகள். கல்முனைக் கரையிற் காணும் கண்ணாடியிழைப் படகு ஒவ்வொன்றும் ஏதோவொரு பட்டறையில் ஒருவர் வங்கு வங்காக நிறுத்திக் கண்ணால் ஒழுங்கு பார்த்த அச்சிலிருந்து வந்ததே. அதனை இங்கே விரிப்பதற்கு இடமில்லை.

கணிதம் மண்ணிலிருந்து விலகி நிற்கும் கலை என்று எண்ணுவோருக்காக ஒரு வரலாற்றுச் செய்தி. வரைபடவியலுக்குக் கணித அடித்தளம் இட்ட காஸ்பார் மோன்ஜ், மெசியேரில் இருந்த இராணுவப் பொறியியற் பாடசாலையிலே மண்ணரண் அமைக்கும் கணக்குகளிலிருந்தே தம் முறையைக் கண்டார். மண்ணை வெட்டி எடுத்து வேறிடத்தில் நிரப்புவது பற்றி 1781இல் ஆய்வுரை ஒன்றும் எழுதினார். ஒரு கோளம் வளையியின் வழியே நகர்வதால் உண்டாகும் பரப்பிற்குக் கணிதத்தில் இன்றும் கால்வாய்ப் பரப்பு என்றே பெயர். தளவளையி ஒன்று செல்வழிக்கு எப்போதும் செங்குத்தாக, வீண் சுழற்சியின்றி நகர்வதால் வரும் பரப்பை அவர் ஆராய்ந்தார். அதன் பிரெஞ்சுப் பெயர் மேசன்மார் எடுக்கும் அலங்கார விளிம்பின் பெயரே. பிஷப்பின் சட்டகத்திற்கு ஒரு நூற்றாண்டிற்கு மேல் முந்தியது இது. பிரெஞ்சுக்காரர் தம் வாய்க்காலிலிருந்தும் மேசனிடமிருந்தும் சொல் எடுத்தனர். அச்சொல் உலகக் கணிதமாயிற்று. வாய்க்காலும் துருசும் வான்கதவும் கண்டமும் வட்டையும் அன்றாடம் புழங்கும் ஊரிலே பிறந்த நாம், இப்பொருளுக்குத் தமிழிற் சொல்லில்லை என்கின்றோம்!

பெசியே ரெனோல்ற் கம்பனியிலும், அவருக்குச் சற்று முன் 1959இல் டி கஸ்தெல்சோ சித்ரோன் கம்பனியிலும், கார் உடலின் வளைவுகளுக்கு வாய்பாடு தேடியதும் இதே வகையினது. மரத்திலும் களிமண்ணிலும் கைவினைஞர் ஆக்கிய வளைவை எவ்வாறு எண்ணாக மாற்றுவது என்பதே அவர்கள் கேள்வி. கையிலிருந்து கணிதத்திற்கு வந்தனர். நம் வகுப்பறைகளிலோ கையும் இல்லை, கணிதமும் இல்லை, கட்டளைப் பெயர் மட்டும் இருக்கின்றது. கட்டளைப் பெயர்கள் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். புதிய பதிப்பு வரும்போது மாறும். அவற்றை மனனம் செய்தவர் ஐந்தாண்டுகளில் மீண்டும் முதலாம் வகுப்பிற்குச் செல்லவேண்டும்.

குளக்கட்டைப் பற்றி இத்தனை எழுதுவது விளையாட்டிற்கன்று. எங்கள் வயல்களுக்கு நீர் தரும் பட்டிப்பளை ஆற்றைச் சிங்களத்திற் கல்லோயா என்பர். 1949இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் காலத்தில் இங்கினியாகலையிலே அவ்வாற்றை மறித்து எழுந்ததும் மண்ணணையே. கிழக்கில் வாழ்பவன் மண்ணணையின் கீழ் வாழ்பவன். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளம் உடைந்ததை எங்கள் பெரியோர் இன்றும் குரல் தாழ்த்தியே சொல்வர். அந்த உடைவை வரைபடப் பிழையோடு முடிச்சுப்போட நான் வரவில்லை. அணையின் உயிர் அதன் பரப்பில் இல்லை. உள்ளே நிற்கும் மண்ணிலே இருக்கின்றது. அம்மண்ணின் இயல்பைப் பற்றி 1963இல் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் என்பாரோடு சேர்ந்து எழுதிய மூவருள் ஒருவர், பின்னாளிற் பேராதனையிற் பொறியியற் பீடாதிபதியாகவும் யாழ்ப்பாணத்திலே துணைவேந்தராகவும் இருந்த அழகையா துரைராசா. களிமண் எப்போது இளகும் என்னும் கேள்வியில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது. அவருடைய பெயரைத் தமிழ்ச் சங்க மேடைகளிற் பலமுறை கேட்டிருக்கின்றேன். அவர் என்ன கண்டார் என்பதை அம்மேடைகளில் ஒருமுறையேனும் கேட்டதில்லை.

இங்கே நம்மவர்மீதும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களிற் பொறியியல் மாணவர் இல்லாமலில்லை. பந்தல் கட்டுபவரும் ஒலிபெருக்கி பூட்டுபவரும் அவர்களே. கவியரங்கிற் கைதட்டுபவரும் அவர்களே. ஆண்டு மலரிலே அவர்களுடைய துறை பற்றி ஒரு பக்கம் கேட்டால், "அது பொதுவாசகர்க்கு விளங்காது" என்பர். சிலப்பதிகாரத்தின் யாழ் வகைகள் மட்டும் பொதுவாசகர்க்கு விளங்கிவிடுமோ? மானிப்பாயிலே சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்ததையும் நூல்களை மொழிபெயர்த்ததையும் ஒவ்வொரு விழாவிலும் பெருமையோடு சொல்கின்றோம். ஓர் அந்நியர் நம் மொழியிற் செய்ததை நூற்றைம்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றோம். நாம் செய்ததென எதைச் சொல்லப்போகின்றோம்?

வேண்டுவது பெரிய திட்டமன்று. முதலாமாண்டு மாணவர்க்கு ஒரு தாள் போதும். உயர்தரத்தில் அவர்கள் கற்ற வளையி, தொடலி, செவ்வன், ஆரை, காவி, தாயம், துணிகோவை, திணிவு மையம் முதலிய இருநூறு சொற்களும், அவற்றுக்கு எதிரே விரிவுரையிற் கேட்கப்போகும் ஆங்கிலச் சொற்களும். இதனைத் தமிழ்ச் சங்கமே ஒரு வார இறுதியிற் செய்துவிடலாம். பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் யாழ்ப்பாணத்திற்கும் எங்கள் கரையிலே ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற்கும் அதே தாள் பொருந்தும். அடுத்து, வரைதற் செய்முறையின் முதல் நாளில் மென்பொருளைத் திறக்குமுன் ஒரு தகரத் துண்டும் ஈரக் களிமண்ணும் கொடுத்து, வளைந்த பாதையொன்றில் இழுத்துப் பார்க்கச் சொல்லலாம். எதிர்வளைவு வரும்போது கை தானாகவே தகரத்தைப் புரட்டாமல் வைத்திருப்பதை மாணவர் உணர்வர். கை செய்த அந்தச் செயலுக்குக் கணனியில் என்ன பெயர் என்று அதன்பின் கேட்கலாம்.

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், "களிமண்ணை வைத்துக்கொண்டு இருபத்தோராம் நூற்றாண்டிற்குப் போகமுடியுமா?" என்று நகைத்தார். அவரிடம் அந்த 650 கனமீற்றரைப் பற்றிக் கேட்டேன். மென்பொருளைத் திறந்து பார்த்துச் சொல்வதாகக் கூறிப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

இழுபரப்பு, செல்வழி என்னும் சொற்களை நான் விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருக்கப் போவதில்லை. இரண்டு தண்டவாளங்களின் மேற் செல்லும் வகைக்கு நல்ல பெயர் எனக்கு இன்னும் அகப்படவில்லை; வீண் சுழற்சியற்ற சட்டகத்திற்கும் அவ்வாறே. இவற்றிற் குறைகாண்போர் தம் சொற்களை அடுத்த மலருக்கு எழுதி அனுப்புவாராக. சொல்லோடு, எதிரெதிரே இரண்டு வளைவுகளையுடைய குளக்கட்டு ஒன்றைக் கையால் வரைந்து, எந்த விதியைக் கொண்டு அதன் குறுக்குவெட்டை நிறுத்தினார் என்பதையும் படத்தின் கீழே இரண்டு வரியிற் குறித்து அனுப்புதல் வேண்டும்.